தலை தட்டாத ஆழாக்கு

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு அளவு சொல்லும் பெண். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டயட் மேடம் என்பார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

கதவோரம் ஃபைலோடு நின்ற நர்ஸ்.

என் மகள் கவிதா. அம்மாபேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. முப்பது வருடம் ரிக் வண்டியில் போய் ஊர் ஊராகப் போர்க் கிணறு போட்டவர். சர்க்கரை வந்து வேலையை விட்டவர்.

பிறகு நான்.

என் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் துண்டில் சுற்றி எங்கள் வீட்டு ஆழாக்கு.

ஆஸ்பத்திரிக்கு அரிசி அளக்கும் ஆழாக்கைத் தூக்கிக்கொண்டு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணம் இருந்தது. அதற்கு முந்தின முறை அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். காலையில் இரண்டு கோதுமை தோசை. அரிசி ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம். வடித்து, மதியம் பாதி, பொழுது சாய்ந்ததும் பாதி. அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது.

"கிராம்ல சொன்னா எனக்குப் புடிபடாதுங்க சாமி. ஆழாக்குல சொல்லுங்க" என்றேன்.

"ஒரு ஆழாக்கு எவ்ளோ கிராம்மா வரும்?"

"பெரிய படி ஒண்ணரைக் கிலோங்க. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்குக்கு நூத்தி எம்பது சொச்சம் வருமுங்க. ஆனா எங்கூட்டு ஆழாக்கு அதவிடச் சின்னது."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, வாயிலயே கணக்குப் போட்டுட்டீங்க!"

"அம்மா கல்யாணச் சமையலுக்குப் போறவங்க" என்றாள் கவிதா.

"அப்ப அடுத்த வாட்டி அந்த ஆழாக்கையே எடுத்துட்டு வந்துடுங்க. எடை போட்டுப் பார்த்துடலாம்."

எடுத்துக்கொண்டு போனேன்.

நூற்று நாற்பத்தெட்டு

அவள் மேசையில் சின்னதாக ஒரு எடை மிஷின் இருந்தது. பக்கத்தில் ஒரு டப்பாவில் அரிசி. வருகிறவர்களுக்கு அளந்து காட்டுவதற்கு வைத்திருந்தாள்.

துண்டைப் பிரித்து ஆழாக்கைக் கொடுத்தேன். பித்தளை. வாய் அகலம். உயரம் மூன்று விரல்தான். தட்டு மாதிரி இருக்கிறதே என்று நர்ஸ் சொன்னாள்.

அந்தப் பெண் வெறும் ஆழாக்கை மிஷினில் வைத்து ஒரு பட்டனை அமுக்கினாள். எண் சைபருக்கு வந்தது. டப்பாவை எடுத்து அரிசியைக் கொட்டினாள். ஆழாக்கு நிறைந்து மேலே கூராக எழும்பியது.

பிறகு மேசையிலிருந்த அடிஸ்கேலை எடுத்தாள். ஆழாக்கின் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தலை சரிந்து கீழே விரித்திருந்த தாளில் விழுந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி அம்பதுன்னே வெச்சுக்கங்க. ஒரு நாளைக்கு இதுல ஒண்ணு. அவ்ளோதாம்மா."

தாளில் கிராமை அடித்துவிட்டு, ஒரு ஆழாக்கு என்று எழுதினாள்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் வீட்டுக்காரர். "எங்க ரிக் வண்டியில ஒரு நாயி வளத்தோம் பாப்பா. அதுக்கே ரெண்டு ஆழாக்கு போடுவோம்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"நாய்க்கு சுகர் இருந்துச்சாப்பா?"

"அதுக்கு என்னயாட்டம் டாக்டர் கிடைக்கலைங்க. நல்லா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தபடி வெளியே வந்தோம். நான் ஆழாக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். கிராம் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் அளக்கிற விதம்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்போது ஆழாக்கு இருக்காது. டம்ளரில் அளப்பார்கள். குக்கரோடு வந்த கப்பில் அளப்பார்கள். அதனால் சொல்கிறேன்.

என் மாமியார் வீட்டில் அரிசி அளக்க ஒரு முறை உண்டு. முதல் அளவை ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்று சொல்ல வேண்டும். அடுத்தது ரெண்டு. அளந்து முடித்ததும் நாலு அரிசியை எடுத்து அரிசி டிரம்மிலேயே திரும்பப் போட வேண்டும். டிரம்மைத் துடைத்து எடுத்ததாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, தலை தட்டக் கூடாது. ஆழாக்கானாலும் படியானாலும் குவித்துத்தான் எடுக்க வேண்டும். இனி ஒரு அரிசி வைத்தால் சரியும் என்கிற வரைக்கும். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அளப்பது அப்படித்தான்.

தலை தட்டி அளப்பது ஒரே ஒரு சமயத்தில். வாய்க்கரிசிக்கு அளக்கும்போது. போகிறவர்களுக்கு உண்டானது உண்டு, அதற்கு மேல் இல்லை என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள்.

மற்ற வீடுகளில் எப்படியோ தெரியாது. எங்கள் வீட்டில் இதுதான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் தெரியாமல் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். மாமியார் என் கையிலிருந்து படியை வாங்கி, கொட்டிவிட்டு, மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு நான் தட்டியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை. வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு இனி என்ன கிடைக்கப்போகிறது என்று பார்க்கத்தான்.

டிரம்மைத் திறந்து ஆழாக்கில் மொண்டேன். அந்தப் பெண் செய்த மாதிரி தலையை வழிக்கலாம் என்று உள்ளங்கையை விளிம்பில் வைத்தேன்.

"என்ன அம்மிணி, இப்பவே வாய்க்கரிசிக்கு அளக்கறயா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு கை அள்ளி மேலே போட்டேன். கூராக நின்றது.

"லாபம்" என்றேன்.

"அது சரி" என்றார் அவர். "ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போட்டவ, புருசனுக்கு ஆழாக்குல அளக்கறா. அதுலயும் தலையத் தட்டுனா எப்படி?"

நாலு அரிசியை டிரம்மில் திரும்பப் போட்டேன். அந்த நாலு அரிசி குறைந்ததில் எனக்கு ஒரு திருப்தி. மேடம் சொன்னதற்குக் குறைவாகத்தான் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் நினைத்தேன். நூற்று நாற்பத்தெட்டு என்று மிஷின் காட்டியதைப் பார்த்தேன். அது தலை தட்டிய ஆழாக்கு என்பதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு ஓர் ஆழாக்கு என்றால் அது தலையோடுதான்.

மிச்சமான சோறு

கணக்குத் தெரியாதவள் அல்ல நான். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் கல்யாணச் சமையல் குழுவில் சேர்ந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதினேன் அல்லவா, அங்கே முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டது படியைக் கிலோவாக்கும் கணக்குதான்.

பெரிய படி ஒன்று, ஒன்றரைக் கிலோ. நாலு படி ஒரு வள்ளம். வள்ளம் ஆறு கிலோ. கிலோவுக்குப் பத்து இலை. நெசவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் பத்து சரியாக இருக்கும். ரிக் வண்டிக்காரர்கள் வீடு என்றால் எட்டு. பழைய அரிசி நன்றாக உப்பும். புது அரிசி குழையும், இலைக்கு ஒரு கரண்டி கூடப் போகும்.

இப்போதெல்லாம் அரிசி சிப்ப மூட்டையாக வந்துவிடுகிறது. மேலேயே கிலோ போட்டிருக்கும். அப்போது சில வீடுகளில் சொந்த வயல் அரிசியை அவர்களே அளந்து கொடுப்பார்கள்.

எடப்பாடிக்கு அந்தாண்டை ஒரு தோட்டத்துக் கல்யாணம். நானூறு இலை. எங்கள் சமையல் மாஸ்டர் ஏழு வள்ளம் கேட்டார். நாற்பத்திரண்டு கிலோ. வீட்டுக்காரம்மா நின்று அளந்தார். ஒவ்வொரு வள்ளத்துக்கும் மேலே கோபுரம். சுற்றிலும் நின்றவர்கள் பார்க்க, கல்யாண வீட்டில் யார்தான் தலையைத் தட்டுவார்கள்?

பந்தி முடிந்தபோது ஓர் அண்டா சோறு மிச்சம். மாஸ்டர் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கடா தப்புப் பண்ணுனோம்?"

"மாஸ்டர், அந்தம்மா தலை தலையா வெச்சாங்க. நீங்க தட்டுன கணக்குல கேட்டீங்க" என்றேன்.

"அட ஆமா" என்றார். பிறகு, "மிச்சமாத்தானே ஆச்சு. கொறையலையே. உடு" என்றார்.

அக்கம்பக்கத்துத் தெருவுக்கெல்லாம் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வீட்டுக்குப் பேர்தான் வந்தது.

ஆக, தலை என்பது எடையில் சேரும் என்று எனக்குத் தெரியும். என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் அது எப்போதும் நல்ல பக்கம்தான் போகும். குறைந்தால் மானம் போகும். மிஞ்சினால் யாருக்கும் நட்டமில்லை. இருபது வருடம் அப்படி ஆக்கிப் போட்ட கை.

கிரீஸ் டப்பா

அவர் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ரிக் வண்டியில் மூன்று வேளையும் சோறுதான். வடக்கே எந்த ஊரில் நின்றாலும் வண்டிக்குப் பக்கத்தில் அடுப்பு. அளப்பதற்கு ஒரு கிரீஸ் டப்பா. டீசல் போட்டுக் கழுவி, சாம்பல் போட்டுக் கழுவி, அப்புறம் அரிசிக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரு டப்பா இரண்டு பேருக்கு. அந்த டப்பா எத்தனை கிராம் என்று யாருக்குத் தெரியும். சேற்றிலும் தூசியிலும் நின்று குழாய் ஏற்றி இறக்கும் உடம்பு. தின்றதெல்லாம் எரிந்துபோகும்.

வேலை நின்ற பிறகும் வயிறு நிற்கவில்லை. சர்க்கரை வந்தது. மாத்திரை. பிறகு ஊசி.

மேடம் தாள் எழுதிக் கொடுத்த பிறகு அவர் ஒருநாள்கூட இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டதில்லை. சட்டியில் ஒட்டியதைச் சுரண்டக்கூட மாட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் உட்காருவார்.

"ஆச்சுங்களா?" என்பேன்.

"ஆச்சு. நாயி இதப் பாத்தா அழுவும்" என்பார்.

மூன்று மாத ரத்தம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அன்றைக்குப் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. மூன்று மாதமும் எப்படிச் சாப்பிட்டோம் என்பதைக் காட்டிவிடும் என்றாள் அந்தப் பெண்.

முதல் தடவை சர்க்கரை இறங்கவில்லை. போகப்போக இறங்கும் என்றாள்.

இரண்டாவது தடவையும் இறங்கவில்லை. தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒரு ஆழாக்குதானே போடறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"அப்ப வெளியில சாப்பிடறாரா?"

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தும் என்னைத்தான் கேட்டாள்.

"இல்லைங் பாப்பா" என்றார் அவர்.

"நிறைய பேர் அப்படித்தான்பா சொல்றாங்க. வீட்ல கரெக்டா இருப்பாங்க. டீக்கடையில வடை, போண்டா. ரிப்போர்ட் பொய் சொல்லாது."

அவர் மறுபடி இல்லை என்று சொல்லவில்லை. ஒருமுறை சொன்னதைத் திருப்பிச் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன். பதில் இல்லாததால் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. எங்க திங்கறீங்க?"

"நீ போடறதத்தான் அம்மிணி திங்கறேன்."

"நான் அளந்துதானுங்க போடறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."



அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். முறுக்கு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெல்லத்தை எண்ணி வைத்தேன். சட்டை துவைக்கும்போது பையை முகர்ந்து பார்த்தேன். ஒருநாள் கடலைத் தோல் இரண்டு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன்.

டீக்கடை

எங்கள் ஊர் முக்கில் ஒரு டீக்கடை. காலை பத்து மணிக்கு அவர் அங்கே போய் உட்காருவார். பழைய ரிக் ஆட்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். பேசிவிட்டு வருவார். அது ஒன்றுதான் அவர் வெளியே போகிற இடம்.

மூன்றாவது பரிசோதனையும் அப்படியே வந்தது. ஊசி அளவை ஏற்றினார்கள்.

அதற்கு மறுநாள் நான் அவர் பின்னாலேயே போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ். வாய் எதையோ மென்றுகொண்டிருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

நேரே போய் முன்னால் நின்றேன்.

"வாயத் திறங்க."

"அம்மிணி..."

"வாயத் திறங்கன்றேன்."

கடைக்காரத் தம்பி வடைச் சட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தது. "அக்கா, அக்கா, சக்கரையில்லாத டீதானுங்க. ஒரு வருசமா வடையத் திரும்பிக்கூடப் பாக்கல. என் புள்ள மேல சத்தியமுங்க."

"நீ விக்கறவன் சாமி. நீ அப்படித்தான் சொல்லுவ."

பெஞ்சிலிருந்த இன்னொருவர், "எங்க நாச்சிமுத்தண்ணன் போருக்குள்ளயே எட்டிப் பாத்தவரு. இப்ப அவரு வாய்க்குள்ள எட்டிப் பாக்கறாங்க" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். குழந்தை திறக்கிற மாதிரி, நன்றாகவே திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. பின்பல் இரண்டு இல்லை. அதைத்தான் பார்த்தேன்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். மதியம் வைத்ததைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் சட்டை போடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீக்கடைக்குப் போவது அதோடு நின்றது.

நானும் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. அங்கே போகாவிட்டால் சர்க்கரை இறங்கும் என்று காத்திருந்தேன்.

கால்

இறங்கவில்லை.

செருப்பில் ஓர் ஆணி கிளம்பியிருந்தது. வலது பெருவிரலுக்குக் கீழே குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போய் ஒரு வருடமாகிறது. தரையில் ஈரமாக ஏதோ தடம் இருக்கிறதே என்று நான்தான் பார்த்தேன்.

முதலில் விரலை எடுத்தார்கள். ஆறவில்லை. சர்க்கரை இறங்கினால்தான் ஆறும் என்றார் டாக்டர். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அவர்களே அளவுச் சாப்பாடு கொடுத்தார்கள். பத்து நாளில் சர்க்கரை நன்றாக இறங்கியது. டயட் மேடம் வார்டுக்கு வந்து பார்த்தாள்.

"பாத்தீங்களாம்மா? வெளிச் சாப்பாடு நின்னதும் எப்படி இறங்குது."

"ஆமாங்" என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். கட்டிலோரம் போனேன். போர்வைக்கு அடியில் கால் இருக்க வேண்டிய இடம் படிந்து கிடந்தது.

"அம்மிணி. நீ அளந்து போட்டதுதான் நான் தின்னேன். வேற ஒண்ணுமில்ல."

முதல்முறையாக, ஒருமுறை சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார்.

"சரிங்க" என்றேன்.

நம்பிச் சொன்ன சரி இல்லை அது. கால் போய்க் கிடக்கிறவரிடம் எதற்கு வம்பு என்று சொன்னது. அவருக்கு அது தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தட்டியது

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது காலை எட்டு மணி. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நங்கையா வந்தார். அவருடைய அக்கா. எழுபது தாண்டியவர். திருச்செங்கோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அழுது முடித்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

"ஆழாக்கு எங்க சாமி?"

காட்டினேன்.

டிரம்மைத் திறந்து மொண்டார். உள்ளங்கையின் ஓரத்தால் ஒரே தட்டு. அரிசி டிரம்மில் விழுகிற சத்தம் கேட்டது. நங்கையா லாபம் என்று சொல்லவில்லை. ஒன்று என்றார்.

அந்த ஆழாக்கை எங்கள் வீட்டில் தலை தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. நங்கையா அளந்தது கொஞ்சமாகத் தெரிகிறதே என்று மட்டும் நினைத்தேன். வந்திருந்த சனம் எல்லாம் போட வேண்டுமே, போதுமா என்று பார்த்தேன். சமையல்காரி புத்தி.

கவிதா வீட்டு மிஷின்

வருடம் திரும்பவில்லை. அம்மாபேட்டைக்குப் போயிருந்தேன். நான் தனியாக இருக்க வேண்டாம் என்று கவிதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போகும்போது அந்த ஆழாக்கையும் எடுத்துப் போனேன். டம்ளரில் அளந்தால் எனக்குக் கை வராது.

கவிதா புதிதாக ஓர் எடை மிஷின் வாங்கியிருந்தாள். செல்போனில் பார்த்து கேக் செய்கிறாள். அதில் எல்லாம் கிராமில்தான் சொல்கிறார்கள். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒட்டிய பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கவில்லை.

காலை நேரம். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். அடுப்படியில் இரண்டே பேர். அவள். நான்.

"அம்மா, நீங்க செய்யற அரிசிம்பருப்பு எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க அளந்து போடுங்க. நான் கிராம்ல எழுதி வெச்சுக்கறேன்."

ஆழாக்கை மிஷினில் வைத்துச் சைபர் ஆக்கினாள். நான் அரிசி வாளியிலிருந்து அள்ளிப் போட்டேன். எப்போதும் போல.

"லாபம்" என்றேன்.

அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தொண்ணு." எழுதப் போனவள் நிறுத்தினாள். "இந்த ஆழாக்குதானேம்மா? ஆஸ்பத்திரில நூத்தி அம்பதுன்னாங்க?"



கவிதா கரண்டிக் காம்பை எடுத்தாள். விளிம்பில் வைத்து இழுத்தாள். அரிசி மேடையில் சரிந்தது. மறுபடி குனிந்தாள்.

நூற்று நாற்பத்தொன்பது.

மிஷின் தானாக அணைந்துவிட்டது.

"அம்மா" என்றாள்.

"ம்."

"கால் போனது செருப்பு ஆணியால. அரிசியால இல்ல. ஒரு கை அரிசில என்னம்மா ஆயிடும்?"

"ம்."

"இந்த மிஷினும் சரியில்லம்மா. வாங்குன நாள்லருந்தே தப்பாத்தான் காட்டுது."

ஆழாக்கை எடுத்துக் கழுவப் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அவளும் அந்த வருடம் முழுக்க அப்பாவிடம் போனில், எங்கே தின்கிறீர்கள் என்று கேட்டவள்தான். நான் சொல்லித்தான் கேட்டாள்.

குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேடையில் சரிந்த அரிசி அப்படியே கிடந்தது. அதைக் கையால் கூட்டினேன். ஒன்று விடாமல் கூட்டினேன். மிஷினில் ஒரு சின்னத் தட்டை வைத்து, அவள் செய்த மாதிரியே பட்டனை அமுக்கினேன். சைபர் வந்தது.

அரிசியைத் தட்டில் போட்டேன்.

நாற்பத்திரண்டு கிராம்.